ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கட்டக்கோரை

இந்த வருஷமும் ப்ராஜெக்ட் தலைப்புகள் ஒட்டியாச்சு. முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் கேமரா, மண் ஈரம் பார்த்துத் தண்ணீர் விடும் மோட்டார், இலையை போட்டோ எடுத்தால் நோயைச் சொல்லும் ஆப். போன வருஷம் சீனியர்கள் செய்ததும் இதுதான், அவங்களுக்கு முந்தின செட் செய்ததும் இதுதான். டேட்டாசெட் கூட மாறவில்லை. சும்மா குறை மட்டும் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் மாற்றாக ஒரு தலைப்பைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்: பழுப்புக் கடற்பாசிகளின் குளோரோபிளாஸ்ட் ஜீனோம்களை ஒப்பிடுவது.

சிரிக்காதீங்க. "ராஜபாளையத்துல ஏதுடா கடல்?" என்று கேட்பீங்க, தெரியும். இங்கே மேற்கே பார்த்தால் மலை, அய்யனார் கோயில் அருவி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனால் செண்பகத்தோப்பும் சாம்பல் நிற அணிலும். உப்புக்காற்று மூக்கில் பட வேண்டுமானால் பஸ் ஏறி அரை நாள் உட்கார வேண்டும். ஆனால் ஒரு விஷயம் மறந்துட்டோம். 1985 மார்ச் வரைக்கும் விருதுநகர் மாவட்டம் என்ற ஒன்றே கிடையாது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்கள். மண்டபமும் பாம்பனும் இருக்கிற அதே மாவட்டம். நம்ம தாத்தா பாட்டிகளின் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்க, தலைப்பில் ராமநாதபுரம் ஜில்லா என்றுதான் இருக்கும். கோடு போட்டுப் பிரித்து நாற்பது வருஷம்தான் ஆகிறது. அதற்குள் கடல் நமக்குச் சம்பந்தமில்லாத பாடமாகிவிட்டது.

சம்பந்தம் இன்னும் இருக்கிறது என்பதற்கு சத்திரப்பட்டிக்கே போகலாம். அங்கே விசைத்தறிகளில் ஓடுவது பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். ஆஸ்பத்திரிகளில் புண்ணைச் சுற்றுகிற அந்த மெல்லிய வெள்ளைத் துணிக்கு நம்ம பக்கம் நல்ல பேர். அதே காயக்கட்டு உலகில் விலை கூடிய ஒரு சரக்கு உண்டு, அல்ஜினேட் கட்டு. கால்சியம் அல்ஜினேட் இழை புண்ணில் கசியும் நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தைக் கொடுத்துவிட்டுக் கூழாக மாறும். அதனால் காயத்தோடு ஒட்டிக்கொள்ளாது, பிரிக்கும்போது சதையைப் பிய்த்துக்கொண்டு வராது. இந்த அல்ஜினேட் எங்கிருந்து வருகிறது? பழுப்புப் பாசியிலிருந்து.

டெக்ஸ்டைல் படிக்கிறவங்களுக்கு இன்னொன்று. ரியாக்டிவ் சாயத்தில் பருத்தித் துணியில் பிரிண்ட் அடிக்கும்போது பசையாக ஸ்டார்ச்சைப் போட முடியாது. சாயம் துணியோடு சேர்வதற்குப் பதில் ஸ்டார்ச்சோடு சேர்ந்துவிடும், துணி விறைத்துப் போகும். சோடியம் அல்ஜினேட் அப்படிச் சேராது. அதனால்தான் பிரிண்டிங் யூனிட்டுகள் அதைத் தேடுகின்றன. ஐஸ்கிரீமிலும் இதுதான் போகிறது. (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குத் தேவையில்லை. பாலும் சர்க்கரையும் விறகடுப்புமே போதும். 2019-இல் வாங்கிய புவிசார் குறியீடு பத்திரமாக இருக்கிறது.)

நம்ம ஊர்க் கடலில் இந்த வேலைக்கு அள்ளப்படுவது முக்கியமாக ரெண்டு. ஒன்று சர்காசம், மன்னார் வளைகுடாக் கரையில் இதற்குக் கட்டக்கோரை என்று பெயர். இன்னொன்று டர்பினேரியா, அங்கே அதைப் பக்கோடா பாசி என்கிறார்கள். படத்தைப் பார்த்தீங்கன்னா ஏன் அந்தப் பெயர் என்று கேட்க மாட்டீங்க. தீவுகளைச் சுற்றி முழங்கால் ஆழத்திலும் இடுப்பளவு ஆழத்திலும் இறங்கி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையிலிருந்து பாசியைப் பறித்துவரும் பெண்களின் உழைப்பு அது. அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது.

இப்போ விஷயத்துக்கு வருவோம். கட்டக்கோரை என்று அள்ளுகிற பாசி ஒரே இனம்தானா?

நம்ம ஊரில் நாய்க்குட்டி வாங்கப் போனால் முதல் கேள்வி என்ன? "அசல் ராஜபாளையமா?" வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, காது மடிப்பு, எல்லாம் பார்த்து ஆளாளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்வாங்க. 2005-இல் தபால்தலை போட்ட நாய்க்கே இந்த நிலைமை. பாசிக்குக் கேட்கவா வேணும். சர்காசம் பேரினத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். இலை மாதிரி தெரிகிற பாகத்தின் வடிவம், விளிம்பு, காற்றுக் குமிழின் அளவு ஆகியவற்றை வைத்துத்தான் பிரித்தார்கள். அதே செடி அலை அதிகமுள்ள இடத்தில் ஒரு மாதிரியும், அமைதியான இடத்தில் வேறு மாதிரியும் வளரும். பருவம் மாறினாலும் உருவம் மாறும். கண்ணை நம்பிப் பெயர் வைத்தால் ஒரே பாசிக்கு நாலு பெயர் வரும், நாலு பாசி ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்ளும்.

நம்ம பாசியின் பெயரே சாட்சி. மன்னார் வளைகுடா ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் வரும் பெயர் சர்காசம் வைட்டி. இந்த வைட் யார் என்றால், ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து டாக்டர், தென்னிந்தியத் தாவரங்களையெல்லாம் படம் வரைய வைத்துப் புத்தகம் போட்டவர். அவர் சேகரித்து அனுப்பிய பாசிகளை வைத்து ஸ்காட்லாந்தில் கிரெவில் என்பவர் 1848 வாக்கில் புது சர்காசங்களை விவரித்தார். ஒன்றுக்கு வைட் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் நம்ம மில் ஊர்க்காரங்களுக்கு ரசிக்க ஒரு விஷயம் உண்டு. அதே வைட்தான் 1842-இலிருந்து கோயம்புத்தூர்ப் பக்கம் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் சோதனைப் பண்ணைகளையும் பார்த்துக்கொண்டார். பஞ்சும் பாசியும் ஒரே ஆள் கையில் இருந்திருக்கின்றன.

இன்றைக்கு வகைப்பாட்டுக்காரர்கள் சர்காசம் வைட்டி என்பது தனி இனமே இல்லை, 1820-லேயே பெயர் வைத்த சர்காசம் ஸ்வார்ட்சியின் இன்னொரு பெயர் என்று கொள்கிறார்கள். அப்போ வைட்டி என்று போட்டு எழுதிய மருந்து ஆய்வு, உர ஆய்வு, அல்ஜினேட் ஆய்வு எல்லாம் எந்தப் பாசியைப் பற்றியவை? கட்டுரை எழுதினவர் கையில் இருந்தது எது? மாதிரியைப் பதப்படுத்தி வைத்திருந்தால் தேடலாம். இல்லையென்றால் போனது போனதுதான். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. அல்ஜினேட்டில் ரெண்டு வகைச் சர்க்கரை அமிலங்கள் இருக்கின்றன, அவற்றின் விகிதம்தான் கூழ் கெட்டியாக வருமா, தொளதொளவென்று வருமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த விகிதம் இனத்துக்கு இனம் மாறும். மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காயக்கட்டு செய்ய முடியாது.

இங்கேதான் குளோரோபிளாஸ்ட் உதவிக்கு வருகிறது. தமிழில் பசுங்கணிகம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்திருப்பீங்க. பழுப்புப் பாசியில் அது பசுமையாகவே இருக்காது என்பது வேறு விஷயம். ஃபியூக்கோசாந்தின் என்ற நிறமி பச்சையை மூடிவிடுகிறது. அதற்கென்று தனியாக, வட்டமாக ஒரு டிஎன்ஏ உண்டு. பருத்தியின் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவை 2006-இல் முழுதாகப் படித்தார்கள்: 1,60,301 எழுத்து. சர்காசத்தில் சுமார் 1,24,000. ஏ, டி, ஜி, சி என்று டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்தால் வாட்ஸ்அப்பில் வருகிற குட் மார்னிங் படத்தை விடச் சின்னது. மனித ஜீனோம் முந்நூறு கோடி எழுத்து. அதோடு மல்லுக்கு நிற்க நம்ம லேபால் முடியாது. இதோடு முடியும்.

அளவு சின்னது என்பதால் சரக்கு குறைவு என்று நினைக்காதீங்க. பருத்தி, நெல் மாதிரித் தரைச் செடிகளின் குளோரோபிளாஸ்டில் புரதம் செய்யும் ஜீன்கள் எண்பது சொச்சம்தான். பழுப்புப் பாசியின் சின்ன வட்டத்துக்குள் அதைவிட ஐம்பதுக்கும் மேல் கூடுதலாக இருக்கின்றன. காரணம் அதன் வம்சக் கதை. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு ஒற்றைச் செல் உயிர் ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அந்தச் சிவப்புப் பாசியின் குளோரோபிளாஸ்டும் அதற்கும் முன்னால் விழுங்கப்பட்ட ஒரு நீலப்பச்சைப் பாக்டீரியாதான். டிபன் பாக்ஸைத் துணியில் சுற்றி, பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்ட மாதிரி, பழுப்புப் பாசியின் குளோரோபிளாஸ்டைச் சுற்றி நாலு சவ்வுகள். ஜீன்களும் சாட்சி சொல்கின்றன. காற்றிலுள்ள கார்பனைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதிக்கு ரெண்டு துண்டுகள். தரைச் செடிகளில் பெரிய துண்டின் ஜீன் குளோரோபிளாஸ்டிலும் சின்னத் துண்டின் ஜீன் உட்கருவிலும் இருக்கும். சிவப்புப் பாசியிலும் பழுப்புப் பாசியிலும் ரெண்டுமே குளோரோபிளாஸ்டுக்குள்ளேயே.

இன்னும் கொஞ்சம் அதிர்ச்சி வேணுமா? பழுப்புப் பாசி செடியே இல்லை. நம்ம தென்னந்தோப்புகளில் குருத்தழுகல் நோயைக் கொண்டுவரும் பைட்டோப்தோராவுக்கும் கட்டக்கோரைக்கும் உள்ள சொந்தம், கட்டக்கோரைக்கும் தென்னைக்கும் உள்ள சொந்தத்தை விட நெருக்கம். பார்க்கச் செடி மாதிரி இருப்பது வேஷம்.

ஒப்பிடுவது என்றால் என்ன செய்வார்கள்? 2009-இல் எக்டோகார்பஸ், ஃபியூகஸ் என்ற ரெண்டு பழுப்புப் பாசிகளின் குளோரோபிளாஸ்ட் ஜீனோம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். ஒன்று 1,39,954 எழுத்து, மற்றது 1,24,986. பதினைந்தாயிரம் எழுத்து எங்கே போனது? ஜீன்களின் வரிசை எங்கே திரும்பியிருக்கிறது? வட்டத்தில் ஒரே பகுதி எதிரெதிராக ரெண்டு தடவை வரும் இடங்கள் உண்டு. எக்டோகார்பஸில் அந்தப் பகுதி எட்டாயிரத்துச் சொச்சம் நீளம், ஃபியூகஸில் ஐயாயிரத்துக்குள் சுருங்கிவிட்டது. பருத்தியிலோ அது இருபத்தைந்தாயிரம். இப்படிக் கேட்டுக்கொண்டே போய், எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தி, கடைசியில் யாருக்கு யார் அண்ணன் தம்பி என்று வம்ச மரம் போடுவார்கள்.

இதனால் கரையில் இருப்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்டால், அட்லாண்டிக்கைப் பாருங்க. 2011-இலிருந்து கரீபியன் தீவுகளின் கடற்கரைகளில் சர்காசம் மலைமலையாக ஒதுங்குகிறது. 2018 ஜூனில் செயற்கைக்கோள் படத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் 8,850 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டை, ரெண்டு கோடி டன். அழுகி நாறுகிறது, மீன்பிடி படுக்கிறது, ஹோட்டல்கள் காலி. அங்கே ஒதுங்கியது வழக்கமாக சர்காசோ கடலில் மிதக்கும் பாசிதானா என்று பார்க்க, மைட்டோகாண்ட்ரியா ஜீனோமையும் குளோரோபிளாஸ்ட் ஜீனோமையும் ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. அந்த வருஷங்களில் கரையை மூடியதில் முன்னால் அரிதாகக் கருதப்பட்ட ஒரு வடிவத்தின் பங்கு பெரிது, அது மரபிலேயே தனி என்று தெரிந்தது. எது வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தேட முடியும்.

நம்ம பக்கமும் பாடம் உண்டு. குருசடைத் தீவின் பவளங்கள்மேல் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுச் சிவப்புப் பாசி படர்ந்துவிட்டதாக 2008-இல் எழுதினார்கள். வளர்க்கக் கொண்டுவந்தது வேலி தாண்டிய கதை. இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே நம்ம கடலின் சொந்தப் பாசிகளுக்கு இடம் வேணும் என்றால், முதலில் சொந்தப் பாசி எது என்று அடையாளம் சொல்லும் பட்டியல் வேணும். எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-லேயே குருசடைத் தீவின் கடல் தாவரங்களைப் பற்றி எழுதினார். நூறு வருஷம் நெருங்குகிறது. பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கைத் திறந்து சர்காசம் குளோரோபிளாஸ்ட் என்று தேடுங்க. வருவதில் பெரும்பகுதி சீனா, கொரியா, ஜப்பான் பக்கத்துப் பாசிகள். மன்னார் வளைகுடாவிலிருந்து எத்தனை என்று எண்ணுவதையே ப்ராஜெக்டின் முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

"அதெல்லாம் பயோடெக் பசங்க வேலை" என்று சிஎஸ்இ நண்பர்கள் நழுவுவாங்க. விட மாட்டேன். சீக்வென்சிங் மெஷின் ஜீனோமை முழுசாகக் கொடுக்காது. நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளாக லட்சக்கணக்கில் கொட்டும். பேப்பரைக் கிழித்துப் போட்ட குப்பையிலிருந்து பக்கத்தைத் திரும்ப ஒட்டுகிற வேலை இது, அதற்குப் பயன்படுவது டி புரூயின் கிராஃப். கிராஃப் தியரி எங்கே சார் யூஸ் ஆகும் என்று மூன்றாம் செமஸ்டரில் கேட்டீங்களே, இங்கேதான். ஒரு செல்லில் உட்கரு ஜீனோமை விடக் குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏ பல மடங்கு பிரதிகள் இருப்பதால், குறைவாகச் சீக்வென்ஸ் செய்தாலே அந்த வட்டம் முழுசாகக் கிடைத்துவிடும். கெட்ஆர்கனெல் என்ற பைத்தான் மென்பொருள் அதை ஒட்டிக் கொடுக்கும். ஒட்டின கிராஃபைத் திரையில் பார்க்கிற மென்பொருளின் பெயர் என்ன தெரியுமா? பேண்டேஜ். சத்தியமாக! சத்திரப்பட்டிக்குப் பக்கத்தில் படித்துக்கொண்டு அதை ஒரு தடவையாவது இன்ஸ்டால் பண்ணாமல் டிகிரி வாங்குவது நியாயமே இல்லை. எதிரெதிராக ரெண்டு தடவை வரும் பகுதியால் அந்த கிராஃபில் ரெண்டு பாதைகள் பிரியும். எது சரி என்று யோசித்து முடிவெடுக்கும்போதுதான் அல்காரிதம் நிஜமாகப் புரியும். அப்புறம் மாஃப்ட் வைத்து வரிசைப்படுத்தல், ஐக்யூ-ட்ரீ வைத்து வம்ச மரம். எல்லாம் இலவசம். ஹாஸ்டலில் ராத்திரி கேம் ஓடுகிற லேப்டாப் போதும்.

லேபில் செய்கிற பக்கம்தான் கஷ்டம். பழுப்புப் பாசியை அரைத்தால் அல்ஜினேட் கொழகொழவென்று டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும். எதை விற்றுக் காசு பார்க்கிறோமோ அதுவே இங்கே எதிரி. போதாதற்குப் பாலிஃபீனால்கள் கலந்து டிஎன்ஏவைக் கெடுக்கும். செடிக்கு எழுதிய கிட் புரோட்டோகால் அப்படியே வேலை செய்யாது. உப்பு அளவை மாற்றி, திரும்பத் திரும்பக் கழுவி, நாலைந்து தடவை தோற்றால்தான் கைவரும். பயோடெக் லேபில் செய்முறையை மாற்றிப் பார்க்க விடாமல் ரெக்கார்டு நோட்டில் உள்ளதை மட்டும் செய்யச் சொல்கிற பழக்கம் இங்கே உதவாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தத் துறையிலும் ஒரு வியாதி உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பாசி, ஒரு ஜீனோம், ஒரு வட்டப்படம், ஒரு வம்ச மரம், ரெண்டு பக்கக் கட்டுரை, முடிந்தது. இப்படி ஏகப்பட்டது வந்துகொண்டிருக்கிறது. சர்காசம்களின் குளோரோபிளாஸ்ட் ஒன்றுக்கொன்று பெரிதாக மாறாது, நீளமும் ஜீன் பட்டியலும் கிட்டத்தட்ட அச்சடித்த மாதிரி. அதனால் இன்னொரு வட்டப்படம் போடுவதில் அர்த்தமில்லை. மாறுகிற சில இடங்களைக் கண்டுபிடித்து, அந்தச் சின்னத் துண்டை மட்டும் படித்தாலே இனம் சொல்ல முடியுமா என்று பார்க்கணும். அது வந்தால் பிறகு மூட்டைக்கு மூட்டை முழு ஜீனோம் தேவைப்படாது. இன்னொரு எச்சரிக்கை: சர்காசத்தில் குளோரோபிளாஸ்ட் அம்மா வழியாக வருவது. ரெண்டு இனங்கள் கலந்து பிறந்த கலப்புப் பாசி அம்மாவின் அடையாள அட்டையை மட்டும் காட்டி நம்மை ஏமாற்றும். அல்ஜினேட் செய்யும் ஜீன்களும் உட்கருவில்தான் இருக்கின்றன. குளோரோபிளாஸ்டைப் பார்த்துக் கூழின் தரத்தைச் சொல்லிவிடுவேன் என்று யாராவது ஸ்டார்ட்அப் பிட்ச் போட்டால் எழுந்து போய்விடுங்க.

செய்ய விருப்பமுள்ளவர்களுக்கு என் யோசனை இது. ஏழாம் செமஸ்டரில் கடலுக்கே போக வேண்டாம். பொதுவில் கிடக்கிற மூலத் துண்டுகளை இறக்கி, நாமே ஒட்டி, வெளியான ஜீனோமோடு நம்ம விடை பொருந்துகிறதா என்று பாருங்க. பொருந்தாவிட்டால் தப்பு யாருடையது என்று கண்டுபிடிங்க, அதற்கே தனி மார்க் கொடுக்கலாம். எட்டாம் செமஸ்டரில் மண்டபம். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பவநகர் உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. முறையாகக் கடிதம் எழுதி, துறைத் தலைவர் கையெழுத்தோடு போகணும். இருபத்தொரு தீவுகளும் 1986-இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஒரு இலையைக் கூடப் பறிக்கக் கூடாது. மாதிரியை வெளிநாட்டு லேபுக்கு அனுப்ப நினைத்தால் 2002 பல்லுயிர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் படிங்க.

எடுக்கிற ஒவ்வொரு பாசியிலும் ஒரு துண்டு டிஎன்ஏவுக்கு, ஒரு முழுச் செடி காகிதத்தில் அழுத்திக் காய வைப்பதற்கு. இடம், தேதி, ஆழம் எழுதி, கரையில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்க. பாசி எடுக்கப் போகிற அக்காக்கள் எந்தப் பாசி எந்த மாதம் எந்தப் பாறையில் வரும் என்று சொல்வாங்க. கட்டக்கோரையில் எத்தனை ரகம் என்று அவங்ககிட்டக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் லேப்டாப்பைத் திறங்க. பயோடெக், டெக்ஸ்டைல், சிஎஸ்இ மூன்று துறையும் சேர்ந்து ஒரே டீமாகப் பதிவு செய்ய விதி இடம் கொடுக்கிறதா என்று ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டரிடம் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் அடுத்த இதழில் போடுகிறேன். நாலு பேர் தேவை, இப்போதைக்கு ரெண்டு பேர் இருக்கிறோம்.